ஆவுடையம்மாளின் அகராதி

குற்றாலிங்கம் மூன்று வருடமாக ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தார். "நான் அப்படிச் சொல்லவில்லை." பேச்சு திரும்பக் கிடைத்தால் முதலில் அதைத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தார். அதைச் சொன்ன மறுநிமிடமே பேச்சு மறுபடி போய்விட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

அவர் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் முப்பத்து நான்கு வருடப் பணி. அவர் மேசைக்கு முன்னால் யாரும் ஓர் உறையை நீட்டியதில்லை. நீட்ட வந்தவர்களும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர் பார்க்கிற பார்வையிலேயே கையை மடக்கிக்கொண்டு போனார்கள். வாயைத் திறந்து ஒருவரைக் கடிந்ததாகச் சொல்ல முடியாது. தேவைப்படவில்லை.

வீட்டிலும் அதே முறைதான். ஒரு செருமல் என்றால் காப்பி. இரண்டு செருமல் என்றால் வந்திருப்பவர் எழுந்து போகலாம். செய்தித்தாளை மடித்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினால் மகன் தாணு எங்கே இருந்தாலும் எதிரே வந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் அவரிடம் நேரே பேசியதில்லை; அவரும் தம் அப்பாவிடம் நேரே பேசி வளர்ந்தவர் அல்ல. பிள்ளைகளுக்கு என்ன வேண்டுமென்றாலும் அம்மாவிடம் சொல்வார்கள். ஆவுடையம்மாள் கூடத்துக்கு வந்து அதைச் சொல்வாள். அவர் புருவத்தைத் தூக்குவார், கையை விசிறுவார், அல்லது செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் திருப்புவார். அவள் அடுக்களைக்குப் போய், "அப்பா சொல்லுதாக" என்று தொடங்கித் தீர்ப்பைச் சொல்வாள். மானமரியாதையுள்ள குடும்பம் இப்படித்தான் நடக்கும் என்பது அவருடைய எண்ணம். அதில் தவறு இருப்பதாக இந்த மூன்று வருடத்துக்கு முன்பு வரை அவருக்குத் தோன்றியதேயில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலக்கையையும் நாக்கையும் ஒன்றாகக் கொண்டுபோயிற்று. எழுத்தும் கூடவே போயிற்று. பேனாவைக் கொடுத்தால் கோடுகள்தான் வந்தன. தலை, ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆடியது. மிஞ்சியது இடக்கை ஒன்றுதான். இடக்கையை ஒருவர் முன் நீட்டுவதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறிவு போகவில்லை. காதும் போகவில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

முன்பெல்லாம் சைகை காட்டியதும் அவர் மாடியேறிவிடுவார்; அவருடைய தீர்ப்பு அடுக்களையில் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்பது அவர் காதில் விழுந்ததில்லை. இப்போது பகல் முழுதும் கூடத்து நாற்காலியிலேயே இருந்ததால் எல்லாம் விழுந்தது. தெருக்காரர்கள் வந்து குடியிருப்போர் சங்க விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டும் என்றார்கள். அவர் இடக்கையை வேண்டாம் என்று விசிறினார்.

"அவுக பேரைப் போட்டுக்கிடச் சொல்லுதாக" என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் நாற்காலிக் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"பாத்தியளா, சந்தோசத்துல தட்டுதாக."

அந்த அடிக்குப் பிறகுதான் வாக்கியம் பிறந்தது. போன மாதம் அது கூர்மையாயிற்று. ஆவுடையம்மாள் தொலைபேசியில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா உன்னைப் பாக்கணும்னு கையைக் கையைக் காட்டுதாக மங்கை. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

மங்கையர்க்கரசி பதினோரு வருடத்துக்கு முன்பு நாசரேத்துக்காரப் பையன் ஜெபராஜைத் தானாகவே திருமணம் செய்துகொண்டு கனடாவுக்குப் போனவள். அன்றைக்குக் குற்றாலிங்கம் வலக்கையை ஒரு தடவை வெளியே தள்ளிக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பெயரை அவர் உதடு சொன்னதில்லை. அந்தக் கை அசைவு மகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார். இப்போது அவள் விமானச் சீட்டு வாங்கிவிட்டாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை வருகிறாள். அவர் கூப்பிட்டதாக.

சாடையைப் பேச்சாக்கும் பெட்டி ஒன்றைத் தாணு ஏற்பாடு செய்தது அவளுக்காகத்தான். அப்பாவின் குரலைத் தங்கை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. குற்றாலிங்கத்துக்கும் ஆசைதான். காரணம் வேறு.

பெட்டியைக் கொண்டு வந்தவள் மேலப்பாளையத்துப் பெண், ஷர்மிளா பானு. தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை அவர் சட்டைப் பையில் செருகி, மெல்லிய பட்டை ஒன்றைக் கழுத்தில் சுற்றினாள்.

"மனசைப் படிக்கிற மிஷின் இல்லம்மா இது" என்றாள் ஆவுடையம்மாளிடம். "கண்ணு, கழுத்துச் சதை, மூச்சு, விரலு, இதெல்லாம் வாய்க்கு முன்னாலயே பேசிரும். அதை இது கேட்டு, ஐயாவோட பழைய குரல்லயே சத்தமாச் சொல்லும். ஆனா வீட்டுக்கு வீடு சாடை வேற வேறல்லா? எங்க வாப்பா தொப்பியைச் சரிபண்ணிட்டாருன்னா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். வெளியாளுக்கு அது தெரியுமா? அதனால பழைய பதிவு வேணும். யாரு என்ன சாடை காட்டுனாங்க, அதுக்கு வீட்டுல என்ன அர்த்தம் எடுத்தாங்கன்னு பெட்டி பாத்துப் பாத்துக் கத்துக்கிடும்."

"என்னத்துக்கு இந்தப் பெட்டி? நான் இருக்கேம்லா?"

"நீ எப்பமும் இருப்பியாம்மா?" என்றான் தாணு.

"நான் போனா மறுநாளே அவுகளும் கிளம்பிருவாக. நீ கவலைப்படாத."

பதிவுக்குக் குறைவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு தெருவில் ஒரு திருட்டு நடந்தபோது குற்றாலிங்கமே கூடத்து மூலையில் கேமரா வைக்கச் சொல்லியிருந்தார். அது எடுத்ததையெல்லாம் தாணு பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தான். ஆவுடையம்மாள் அண்ணாந்து அந்தக் கேமராவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஏட்டி, அதுல பேச்சும் கேக்குமா?"

"அடுக்களையில பேசுறதுகூடக் கேக்கும்மா."

ஆவுடையம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே ஒன்று கை நழுவி விழுந்த சத்தம் கேட்டது. குற்றாலிங்கத்துக்கு அது காதில் தேனாக இருந்தது.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பானு மறுபடி வந்தாள். ஆவுடையம்மாள் மகள் வருகைக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். தாணு அலுவலகத்தில் இருந்தான். பானு நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலிருந்த திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயா, ஒரு சிக்கல். பெட்டி ரெண்டு அகராதி போட்டிருக்கு."

அவர் புருவம் தூக்கினார்.

"வழக்கமா ஒண்ணுதான் வரும். ஒருத்தர் சாடை காட்டுறாரு, வீட்டுல ஒருத்தர் அதுக்கு அர்த்தம் சொல்றாங்க. உடம்பு சொல்றதும் அவங்க சொல்றதும் நூத்துக்குத் தொண்ணூறு ஒத்துப்போகும். ஒங்க வீட்டுல பாதிக்குப் பாதிகூட ஒத்துப்போகலை. நான் பெட்டியிலதான் கோளாறுன்னு நெனைச்சேன். மூணு தடவை ஓட்டிப் பாத்தேன். கோளாறு இல்ல." அவள் குரலைத் தணித்தாள். "நீங்களே பாருங்க."

திரையில் பதினான்கு வருடத்துக்கு முந்தைய கூடம் வந்தது. தாணு வங்கித் தேர்வில் இரண்டாவது தடவையாகத் தோற்ற நாள். குற்றாலிங்கம் செய்தியைக் கேட்டுவிட்டுத் தாளை மடித்து வைத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். கீழே பெட்டி போட்ட பொருள் ஓடியது: "என் கண் முன்னால் நிற்காதே." பிறகு அடுக்களையிலிருந்து ஆவுடையம்மாளின் குரல்.

"அப்பா சொல்லுதாக, மூணாந்தடவை எழுதிப் பாஸானவங்கதான் பெரிய ஆபீசரா வந்திருக்காங்களாம். மனசை விடாம எழுதுவியாம். இப்பம் வந்து சாப்பிடுவியாம்."

தாணு மூன்றாம் தடவை எழுதினான், தேறினான், இன்று கிளை மேலாளர். தாம் அன்றைக்கு முகத்தைத் திருப்பிய திருப்புதான் பையனை மனிதனாக்கியது என்று குற்றாலிங்கம் எத்தனையோ பேரிடம் ஜாடையாகத் தெரிவித்திருக்கிறார்.

அடுத்தது மங்கையின் நாள். திரையில் அவருடைய வலக்கை வெளியே தள்ளியது. அந்தக் கை எவ்வளவு பலமாக இருந்தது என்பதைத்தான் அவர் முதலில் கவனித்தார். ஆவுடையம்மாள் கூடத்தைவிட்டு நகர்ந்து, கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள நிலைவாசலில் போய் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அப்படியே நின்றாள். பானு படத்தை வேகமாக ஓட்டினாள். மூலையில் கடிகார எண்கள் பறந்தன. நாற்பத்தேழு நிமிடம். அதன் பிறகுதான் அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"அப்பா கோவப்படலை மங்கை. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தாக. பொறவு, எங்க இருந்தாலும் பிள்ளை நல்லா இருக்கட்டும்னுட்டாக. ஊர் வாய் அடங்கட்டும், பொறவு வரலாம்."

ஒலிபெருக்கியில் மங்கையின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது. "பொய் சொல்லாதம்மா. அந்த ஆளு செத்தாக்கூட எனக்குச் சொல்லிவிடாத."

குற்றாலிங்கம் அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். அவர் அப்போது மாடியில் இருந்தார். ஆவுடையம்மாள் படியேறி வந்து, அவர் கேட்காமலே, "மங்கை போன் பண்ணுனா. அப்பா சாப்பிட்டாகளான்னுதான் மொதல்ல கேட்டா" என்றாள். அவர் செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். ஆனால் அந்த ஒரு வரி பதினோரு வருடமாக அவர் நெஞ்சின் ஏதோ ஒரு மூலையில் இருந்துகொண்டே இருந்தது. மகள் தவறு செய்தாலும் மரியாதையை மறக்கவில்லை என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்ள உதவிய வரி அது.

"இப்ப ஒங்ககிட்டதான் ஐயா கேக்கணும்" என்றாள் பானு. "ஒண்ணு, ஒங்க உடம்பு சொல்றது. ரெண்டு, அம்மா சொல்றது. கலந்து போட முடியாது, பெட்டி உளறும். ஒண்ணைப் பூட்டிட்டா மாத்தவும் முடியாது, ஏன்னா அதுக்கப்புறம் அது மேலயே வளந்துக்கிட்டுப் போகும். எதைப் பூட்டட்டும்?"

அவர் சட்டென்று ஒரு விரலைத் தூக்கினார். கேட்க வேண்டிய கேள்வியே அல்ல அது. அவர் வீட்டில் அவர் சொல் திருத்தப்பட்டிருக்கிறது. பத்திரத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினாலே குற்றம். இங்கே பதினைந்து வருடம்.

பானு பூட்டப் போனாள். அதற்குள் அவர் கை அவள் திரையைத் தொட்டது. இன்னும் காட்டு.

அவள் காட்டினாள். ஒரு மணி நேரமாயிற்று, இரண்டு மணி நேரமாயிற்று. அவர் கண் எடுக்கவில்லை. தம்மைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார். ஆனால் பார்த்தது ஆவுடையம்மாளை. ஒவ்வொரு கை வீச்சுக்கும், ஒவ்வொரு முகத் திருப்பலுக்கும் பிறகு அவள் அந்த நிலைவாசலில் போய் நின்றாள். சில நாள் ஐந்து விநாடி. சில நாள் அரை மணி. கூடத்தில் வாங்கியதை அங்கே இறக்கி வைத்து, முகத்தைச் சரிசெய்து, வேறொன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு வேண்டாதவர் என்று அவர் ஒதுக்கிய சித்தப்பா மகன், அவர் பேச மறுத்த பக்கத்து வீட்டுக்காரர், அவர் வணக்கத்தைத் திருப்பிச் செலுத்தாத பழைய குமாஸ்தா. எல்லோரும் அவள் கொடுத்த வார்த்தையை வாங்கிக்கொண்டு நிறைந்த முகத்தோடு படியிறங்கினார்கள். தெருவில் தமக்குக் கிடைக்கிற கும்பிடெல்லாம் தம் நிமிர்ந்த நடைக்குக் கிடைத்தது என்று அவர் நினைத்திருந்தார். எது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. ஒரு நாள்கூட அவர் சொன்னதாக ஒரு நல்ல வார்த்தையை அவள் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள்கூட, "நான்தான் சொன்னேன்" என்று யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாம் அவர் பெயரில்.

அவர் பெயரில். அங்கே வந்ததும் சார்பதிவாளர் விழித்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பவர் பத்திரம் பதிந்திருப்பார்! வெளியூரில் இருக்கிறவன் இங்கே ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிறான். அந்த ஒருவர் அவன் பெயரால் செய்ததெல்லாம் அவன் செய்ததுதான். இருபது வருடம் பலனை அனுபவித்துவிட்டு, "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று வந்து நின்ற ஆட்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

குற்றாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு விரலைத் தூக்கினார்.

பானு உடனே கை வைக்கவில்லை. "ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. ரெண்டுன்னா, நீங்க ஏசுனாலும் பெட்டி வாழ்த்தும். நீங்க வேண்டாம்னாலும் சரிங்கும். ஒங்க சொந்த வார்த்தைன்னு ஒண்ணு இனிமே வெளிய வரவே வராது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

விரல்கள் இறங்கவில்லை.

"அம்மாகிட்டச் சொல்லட்டா?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அதை மொழிபெயர்க்க எந்தப் பெட்டியும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆவுடையம்மாள் அவருக்குத் துவைத்த சட்டையை மாட்டிவிட்டு, பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசிப் பித்தானில் அவள் விரல் நின்றது.

"பானு எல்லாத்தையும் பெட்டியில ஏத்திட்டாளாம்" என்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. "இனி ஒங்க வாய் ஒங்களுக்கு. என்ன சொன்னாலும் சரி. பிள்ளைக முன்னால என் மரியாதைக்காக ஒண்ணும் மறைக்க வேண்டாம். நான் சொன்னதை நான்தான் சுமக்கணும்."

இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அழவில்லை. சட்டைக் காலரை நேராக இழுத்துவிட்டு எழுந்து போனாள். குற்றாலிங்கம் அந்த முதுகைப் பார்த்தார். அதுவும் நேராகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. மங்கை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். காதோரம் இரண்டு நரைமுடி. ஜெபராஜ் அவளுக்கு ஓரடி பின்னால், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். தாணு அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பானு ஓரமாகத் திரையோடு இருந்தாள். ஆவுடையம்மாள் தூணைப் பிடித்திருந்தாள். தண்டனையைக் கேட்கக் காத்திருப்பவள் போல.

"அப்பா" என்றாள் மங்கை. "நான் வரலாமா?"

குற்றாலிங்கத்துக்கு மனம் தயாராக இருந்தது. உடம்பு தயாராக இல்லை. பதினோரு வருடக் கோபம் கைக்குள் இருந்தது; கை மனதைக் கேட்கவில்லை. பழைய வலக்கை செய்ததையே இப்போது இடக்கை செய்தது. எழும்பி, வாசலைப் பார்த்து, வெளியே தள்ளியது.

மங்கையின் முகம் வெளிறியது. ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சட்டைப் பையிலிருந்து குற்றாலிங்கத்தின் கனத்த பழைய குரல் எழுந்தது.

"வெயில்ல வந்திருக்கு பிள்ளை. நிக்க வச்சுப் பேசாதீங்க. மருமகனுக்கு ஃபேனைப் போடு தாணு."

மங்கை ஓடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். தாணு ஃபேனைப் போடப் போனவன் விளக்கைப் போட்டான், அதை அணைத்துவிட்டு ரேடியோவைப் போட்டான். ஜெபராஜ் சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விமானத்தில் சாப்பாடு, கார்க்காரன் வழி தவறியது, அப்பாவின் குரல் அப்படியே இருப்பது.

ஆவுடையம்மாள் மட்டும் தூணை விட்டு நகரவில்லை. அவர் மகளைப் பிள்ளை என்று ஒருநாளும் சொன்னவர் அல்ல. மருமகன் என்ற சொல் அவர் வாயில் நுழைந்ததேயில்லை. "நிக்க வச்சுப் பேசாதீங்க" என்பது அவளுடைய பேச்சு. அவளுடைய வார்த்தைகள், வரிசைகூட மாறாமல், அவர் குரலில் வந்திருந்தன. அந்தக் கை என்ன சொல்லிற்று என்று அந்த வீட்டாரில் அவள் ஒருத்திக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அவள் மெல்லத் திரும்பிப் பானுவைப் பார்த்தாள். பானு குனிந்துகொண்டாள். பிறகு ஆவுடையம்மாள் அவரைப் பார்த்தாள்.

குற்றாலிங்கம் பார்வையை விலக்கவில்லை. அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் சொல்லாததை. கழுத்து இறுகியது, விரல் எழுந்தது, மூச்சு மாறியது. பெட்டி பேசவில்லை. மறுபடி முயன்றார். பெட்டி பேசவில்லை.

பானு திரையை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்குன்னு இதுல ஒரு வார்த்தையும் இல்ல ஐயா. பதினஞ்சு வருசப் பதிவுல ஒண்ணுகூட அவங்க போட்டுக்கிடலை."

அவர் இடக்கையால் நாற்காலியை இறுகப் பற்றினார். பாதத்தை ஊன்றினார். தாணு தாங்க வந்தான், தோளை உதறினார். ஒரு தடவை சரிந்தார். மறுபடி ஊன்றினார். உத்தியோகக் காலத்தில் மாவட்டப் பதிவாளர் அறைக்குள் வந்தால் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்த மனிதர், தம் மனைவி நின்றிருந்த பக்கம் பார்த்து, ஒரு காலில் பாரத்தைத் தாங்கி, முதுகு வளையாமல் எழுந்து நின்றார்.

கூடம் பதறியது. "என்னப்பா? என்ன வேணும்?" என்றாள் மங்கை. "பாத்ரூம் போணுமாப்பா?" என்றான் தாணு. பெட்டி மௌனமாக இருந்தது. எல்லா முகங்களும் பழக்கத்தால் ஆவுடையம்மாள் பக்கம் திரும்பின.

"அம்மா, அப்பா என்ன சொல்லுதாக?"

ஆவுடையம்மாள் தூணை விட்டாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை ஒற்றிக்கொண்டாள். அதற்குள் குரல் சரியாகிவிட்டது.

"ஒண்ணுமில்லட்டி. காப்பி கேக்காக. ஒன் கையாலயாம்."

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் காப்பி குடித்திருந்தார். மங்கை கொண்டு வந்து நீட்டிய டம்ளரை இடக்கையால் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.